ஆறு மணி வகுப்பில் மட்டும் மிஸ்ஸிங்

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. விடிந்ததும் வாசலில் மோட்டார் போட்டு வண்டியைக் கழுவினேன். சும்மா கழுவல் இல்லை. பானெட்டைத் திறந்து, குழாய் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பீய்ச்சி, இன்ஜின் மேல் ஒரு வருஷமாகப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினேன். பதினெட்டு வயசு வண்டி, பெண் பார்க்க வருகிறார்கள் என்று உட்கார வைத்த மாதிரி மினுங்கியது. இன்ஜின் தலையில் சந்தனம், குங்குமம், ஒரு கொத்து சாமந்தி. சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியாயிற்று.

தாராபுரத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெண்ணுக்குப் பெண்ணே சொல்லிக்கொடுப்பது ‘கோகிலவாணி டிரைவிங் ஸ்கூல்’ ஒன்றுதான். போர்டில் இருப்பது என் பெயர். ஸ்கூலுக்கு வண்டியும் ஒன்றே ஒன்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருத்தன் புது வண்டிகளாக வரிசை கட்டி நிறுத்தியிருக்கிறான். இன்னொரு வண்டி வாங்க எனக்கு வக்கில்லை, இருப்பதாவது பளிச்சென்று இருக்கட்டும்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமிக்குச் சேர்ந்தால் வித்தை வரும் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது வருவார்கள். இன்று இரண்டு பேர். தர்ஷினி, மெடிக்கல் ஷாப்பில் வேலை, தையில் கல்யாணம், மாப்பிள்ளை கார் வைத்திருக்கிறார். இன்னொருத்தி சாந்தாமணி, நாற்பதைத் தாண்டியவள். வீட்டுக்காரர் வேனில் பாத்திரம் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்றவர். சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. வேன் சும்மா நிற்கிறது.

“ஆளு வெச்சு ஓட்டுனா கூலிக்கே சரியாப் போயிருதுங்க. வித்துப்போடலாம்ங்கறாரு. நான் பழகிட்டன்னா மூலனூரு, குண்டடம்னு நானே ஓட்டிட்டுப் போயிருவனுங்க்கா. அது ஒண்ணுதானுங்க எங்க பொழப்பு” என்றாள்.

இப்போது பனியன் கம்பெனிக்குப் போகிறாள். ஏழேகாலுக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதனால் காலை ஆறு மணி வகுப்பு. முதலில் அவள் ஓட்ட வேண்டும், தர்ஷினி பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

வழக்கம்போல் என் பக்கத்துப் பெடல்களைக் காட்டினேன். எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கிறது, இரண்டும் ஓட்டுகிறவர் பெடலோடு கம்பியில் கோத்தவை. “நீங்க அங்க கால எடுத்தா இங்க என் பெடல் ஏறும். என்னை ஏமாத்த முடியாது” என்று பயமுறுத்தி வைத்தேன்.

சாந்தாமணி எடுக்கும்போதெல்லாம் வண்டி நின்றது. முதல் நாள் யாருக்கும் அப்படித்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

சாந்தாமணி கையில் இன்றும் வண்டி அணைந்து அணைந்து போயிற்று. எடுத்தவுடன் ஒரு உதறல், அப்புறம் மடக்கென்று நிற்கிறது. என் பக்கத்துப் பெடல் என்னவோ மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் அவளுக்கு அடுத்து உட்கார்ந்த தர்ஷினி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓட்டினாள். அதே வண்டி, அதே ரோடு. பிறகு வேறென்ன சொல்ல?

“அக்கா, நான் காலெடுக்கறதுக்கு முன்னாடியே வண்டி நடுங்குதுங்க” என்றாள் சாந்தாமணி.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன். தர்ஷினி பின்னால் சிரித்தாள். சாந்தாமணியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அக்டோபர் 18, வெள்ளி

கிளட்ச்சை வெடுக்கென்று விட்டு வண்டியை அணைப்பதற்கு ‘சாந்தாமணி பிரேக்’ என்று பெயர் வைத்தேன். சாயங்கால வகுப்பில் கூட ஒரு பெண்ணிடம், “சாந்தாமணி பிரேக் போட்டுறாத கண்ணு” என்றேன். நல்ல சிரிப்பு. சிரித்தால் பாடம் மனசில் நிற்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

காங்கயத்தில் அத்தை பேத்திக்குக் காதுகுத்து. விடிகாலையில் தனியாகக் கிளம்பினேன். வாசலிலேயே வண்டி காய்ச்சல்காரன் மாதிரி உதறியது. ரவுண்டானாவில் கிளட்ச்சை முழுசாக மிதித்து நிற்கும்போதே அணைந்தது. முப்பது வருஷமாக ஓட்டுகிற காலின் கீழே! பின்னால் வந்த டவுன் பஸ்காரன் என் போர்டைப் படித்துவிட்டு வேண்டுமென்றே நீளமாக ஹாரன் அடித்தான்.

ஊரைத் தாண்டியதும் சரியாகிவிட்டது. பெட்ரோலில் ஏதாவது கலப்படம் இருக்கும்.

சாந்தாமணியிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவள் காலிலும் கொஞ்சம் குறை இருக்கத்தான் செய்யும்.

அக்டோபர் 21, திங்கள்

வகுப்பெல்லாம் முடித்துவிட்டு ஆறுச்சாமி பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். என் வண்டிக்கு அவன்தான் மெக்கானிக். பானெட்டைத் திறந்து வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டான். நின்றபடி ஓடும் ஐடிலிங்கில் துளி நடுக்கம் இல்லை.

“பஞ்சாட்ட ஓடுதுங்க்கா. விட்டு விட்டு எரியற மிஸ்ஸிங்கே இல்ல. பழகறவங்க காலா இருக்குமுங்க.”

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ரவுண்டானாவை அவனிடம் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 24, வியாழன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு வண்டி படுத்தும் பாடு சொல்லி மாளாது. ஏழு மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. பெட்ரோல் டேங்கில் ஊற்றுகிற கிளீனர் பாட்டில் ஒன்று ஊற்றிப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. ஆறுச்சாமி காற்று போகிற வழியைக் கழற்றி, கரியைத் துடைத்துக் கொடுத்தான். அதிலும் மாற்றமில்லை.

கடைசியில் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டினான். சைலன்சருக்குப் போகிற குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் காட்டியது.

“மாத்திப் பாக்கலாமுங்க்கா.”

“மாத்தினா நிச்சயம் சரியாயிருமா?”

“மாத்திப் பாத்தாத்தானுங்க தெரியும்.”

மாத்திப் பார்க்கலாம் என்றால் என் காசில் அவன் படிக்கிறான் என்று அர்த்தம். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

சாந்தாமணி வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு செங்கல்லை முன்னால் போட்டு, காலை ஏற்றி இறக்கிப் பழகுகிறாளாம். தர்ஷினியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காதில் விழாத மாதிரி கண்ணாடியைச் சரி செய்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

தினசரி மார்க்கெட் முன்னால் நின்றுவிட்டது. மழை, தக்காளி லாரி, பின்னால் இரண்டு பஸ். சாந்தாமணி சாவியைத் திருப்பத் திருப்ப, வண்டி பிடித்துப் பிடித்து அணைந்தது. லோடு இறக்குகிறவன் ஒருத்தன் குனிந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, “சோறாக்கப் போங்கம்மா” என்றான். அவனை நாலு வாங்கு வாங்கினேன். வாங்கி என்ன? அவன் ஒரு நாள் சொன்னதை நான் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தியதும் அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே பேசினாள்.

“இது எனக்கு வராதுங்க்கா. உங்களையும் கஷ்டப்படுத்திப்போட்டேன். வண்டி கெட்டுப்போயிருந்தாலும் போயிருக்கும். மன்னிச்சுக்குங்க. வேனப் பாக்க ஆளு வரச் சொல்லிப்போடறோமுங்க.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். “பழகப் பழகச் சரியாயிரும் அம்மிணி” என்று ஏதோ முணுமுணுத்தேன். வண்டியில்தான் கோளாறு என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பின் சீட்டில் தர்ஷினி இருந்தாள், அவள் மெடிக்கல் ஷாப்புக்குத் தினம் பாதி ஊர் வருகிறது. வண்டி கோளாறு என்று வெளியே போனால் பஸ் ஸ்டாண்டுக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். இதுதான் என் கணக்கு. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகன் ஓசூரிலிருந்து வந்தான். “ஏம்மா ஒரு மாதிரி இருக்க?” என்றான். நான் யாரையும் எதுவும் சொல்லவில்லையே என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

நவம்பர் 2, சனி

ஆறுச்சாமி ஊருக்குப் போயிருக்கிறான். நேற்று போனில் கூப்பிட்டு, வெட்கத்தை விட்டு, ரவுண்டானாவில் நின்றதிலிருந்து முழுசாகச் சொன்னேன்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க? நீங்க எப்பவும் சூடாத்தானுங்க கொண்டாறீங்க. நோவு ஆறிக் கெடக்கற பச்சை இன்ஜின்லதான் தெரியுது. காத்தால, ஸ்டார்ட் பண்ணின உடனே பாருங்க. ஒவ்வொரு பிளக்கு மேலயும் பொறிக்குக் கரண்டு குடுக்கற காயில் ஒண்ணு உக்காந்திருக்கும். இன்ஜின் ஓடறப்ப ஒவ்வொரு காயில் சாக்கெட்டா கழட்டி மாட்டுங்க. எதக் கழட்டினா சத்தம் மாறுதோ அது வேலை செய்யுது. எதக் கழட்டியும் சத்தம் மாறலியோ, அதுதான் ஏற்கெனவே செத்துக் கெடக்குது.”

இன்று விடிந்ததும் பானெட்டைத் தூக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் உதறல். முதல் சாக்கெட்டைக் கழற்றினேன், உதறல் அதிகமானது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினேன். அதே உதறல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்காவதையும் பார்த்துவிட்டு மறுபடி மூன்றாவதுக்கு வந்தேன். சந்தேகமே இல்லை.

இன்ஜினை அணைத்து, அந்தக் காயிலை மேலே இழுத்தேன். நுனி ரப்பர் முழுக்கத் துருக் கறை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர். மழை வெளியே பெய்தது, வண்டி ஷெட்டுக்குள் நின்றது. தண்ணீர் எப்படி வந்தது என்று யோசிக்கும்போதே, குழிக்கு மேல் விளிம்பில் ஒட்டியிருந்த குங்குமம் கண்ணில் பட்டது.

நான்தான் ஊற்றினேன். பூஜைக்கு மினுங்க வேண்டும் என்று பீய்ச்சியடித்தேனே, அந்தத் தண்ணீர். சூடானால் ஆவியாகிச் சும்மா இருக்கும், ராத்திரி குளிர்ந்து மறுபடி குழிக்குள் கசியும். தினம் காலையில் அந்தக் குளிர்ந்த இன்ஜினில் முதலில் உட்கார்ந்தவள் சாந்தாமணி. அவள் சூடேற்றிக் கொடுத்த வண்டியில் தர்ஷினி வெண்ணெயாக ஓட்டினாள்.

திருப்புளியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி குழியைத் துடைத்தேன். ஒரு புது பிளக், காயிலுக்கு ஒரு ரப்பர் உறை, அவ்வளவுதான். சென்சாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஸ்டார்ட் செய்து பானெட் மேல் கை வைத்தேன். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 3, ஞாயிறு

சாந்தாமணி வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் நின்றது. வெள்ளகோவில் ஆள் ஒருவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணியின் வீட்டுக்காரர் பழனியப்பன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வேன் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, “எடுத்தா மணியாட்ட ஓடுமுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லார் முன்னாலும் சொன்னேன். “வண்டியில கோளாறு. பிளக் குழியில தண்ணி. சாந்தாமணி காலுல ஒரு குத்தமும் இல்ல. வேனக் குடுத்துறாதீங்க.”

சாந்தாமணி சமையலறை வாசலில் நின்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நெசமாலுமாங்க்கா?” என்றாள்.

“எப்பங்க தெரிஞ்சுது?” என்று பழனியப்பன் கேட்டார். கண் தெரியாதவர் சரியாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“நேத்துக் காத்தால” என்றேன்.

சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “யாருங்க்கா இப்படி வீடு தேடி வந்து சொல்லுவாங்க? நீங்க நல்லா இருக்கோணும்” என்றாள். காப்பி கொடுத்தாள். குடித்தேன். இதைவிட லோடுமேன் மாதிரி யாராவது என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நவம்பர் 6, புதன்

ஆறு மணி வகுப்புக்கு மறுபடி வந்தாள். எடுத்தாள், போனாள். அமராவதிப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னேன், பின்னால் ஒரு அங்குலம் உருளவில்லை. தீபாவளிப் பலகாரம் என்று ஒரு தூக்கு முறுக்கு கொண்டு வந்திருந்தாள். சாப்பிட முடியவில்லை. அப்படியே இருக்கிறது.

நவம்பர் 9, சனி

சாயங்கால வகுப்புப் பெண் வண்டியை அணைத்துவிட்டு, “ஐயோ, சாந்தாமணி பிரேக்” என்றாள். அவளுக்குச் சாந்தாமணி யாரென்றே தெரியாது. நான் வைத்த பெயர் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றுகிறது. இனி யாரும் அதைச் சொல்லக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். “வண்டிய எடு கண்ணு” என்றேன்.

நவம்பர் 13, புதன்

இன்று சொல்லிவிட்டேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. சாந்தாமணி ஓட்டிக்கொண்டிருந்தாள். உடுமலை ரோட்டில் வண்டி போக்குவரத்து இல்லை. அவளாகவே, “உங்களாட்டம் ஒரு மனுசி வாய்க்கணுமுங்க. அடுத்த வாரம் லைசென்ஸ் வந்துட்டா மொதச் சந்தைக்கு உங்களக் கூட்டிட்டுப் போவேன்” என்றாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

“சாந்தாமணி, அன்னைக்கு உங்க வீட்டுல நான் சொன்னது பொய். தீபாவளிக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். ஒரு ஞாயித்துக்கெழம என்ற காலுலயே நின்னுச்சு. தெரிஞ்சும் உன்ற மேல போட்டேன்.”

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கியரை மாற்றிவிட்டுக் கேட்டாள்.

“அந்த ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி தெரியாதுங்களா?”

“தெரியாது.”

“ஏனுங்க்கா, உங்க பெடலும் என்ற பெடலும் ஒரே கம்பின்னீங்க. நான் கால எப்படி எடுக்கறேன்னு உங்க காலுக்குத் தெரியுமில்லீங்க?”

நான் இத்தனை நாளாக என்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. கேட்டிருந்தால் பதில் முதல் வாரமே கிடைத்திருக்கும்.

“தெரியும்.”

“சரியா எடுத்தனுங்களா?”

“மொத நாளு தப்பு. அப்புறம் சரியாத்தான் எடுத்த.”

அவள் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டாள். கண்ணாடியில் பார்த்தாள். வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் புளியமரத்து ஓரம் நிறுத்தினாள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி. சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். செருப்புச் சத்தம் கேட்க பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து போனாள்.

பின் சீட்டில் தர்ஷினி இருந்தாள். இந்த முறை அவள் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 14, வியாழன்

வரவில்லை. போன் எடுக்கவில்லை.

நவம்பர் 16, சனி

இரண்டு வகுப்பிலும் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெயரை நான் எப்படி வைத்தேன் என்பது உட்பட. சாயங்கால வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஸ்கூலுக்குப் போகிறாளாம். போகட்டும்.

ராத்திரி சாந்தாமணி வீட்டுப் பக்கம் போகலாம் என்று கிளம்பி, தெரு முனையிலேயே திரும்பிவிட்டேன். போய் மன்னிப்புக் கேட்டால் அவள் மன்னித்துவிடுவாள். அந்தச் சுமையையும் அவள் தலையிலேயே ஏற்றுவானேன்?

நவம்பர் 20, புதன்

ஆர்.டி.ஓ. மைதானத்தில் டெஸ்ட். தர்ஷினியையும் இன்னும் இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பட்டியலில் சாந்தாமணி பெயரும் இருந்தது. என் வண்டி இல்லாமல் எதில் ஓட்டுவாள் என்று மனசு அடித்துக்கொண்டது. வரவே மாட்டாளோ, வேன் வெள்ளகோவிலுக்குப் போய்விட்டதோ என்று கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேன் வந்தது. முன்னால் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. ஓட்டி வந்தது சாந்தாமணி. பக்கத்தில் அவள் கொழுந்தனார். பின்னால், பாத்திரம் ஏற்றுகிற இடத்தில், பழனியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அதிகாலையில் வேனை எடுத்துப் பழகியிருக்கிறாள் என்று கொழுந்தனார் யாரிடமோ சொல்வது கேட்டது.

அவள் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். எட்டுப் போடுகிற பாதையில் அந்த நீள வேனை வளைத்தாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். நின்ற இடத்தில் என் இடது கால் தானாக மண்ணை மிதித்து, மெதுவாக ஏறியது. வேன் நிற்கவில்லை, உருளவில்லை, போயிற்று.

இறங்கி வந்தபோது இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாகக் கேட்டார். “நல்லா ஓட்டறீங்களேம்மா. எந்த ஸ்கூல்?”

நான் நாலு எட்டு தள்ளி என் போர்டு வைத்த வண்டியோடு நின்றேன். சாந்தாமணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“நானே பழகிக்கிட்டனுங்க சார்” என்றாள்.

தர்ஷினி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். சுற்றி நின்ற ஸ்கூல்காரர்களும் திரும்பினார்கள். சாந்தாமணி என் வகுப்புக்கு வந்தது அவர்களுக்கெல்லாம் தெரியும். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். அவள் சொன்னது உண்மைதான் என்பதால் பேசாமல் நின்றேன்.